கடற்கரை வீட்டுக்குப் புன்னை: வாசகர் கேள்விகள்

எங்கள் தெருவில் நிற்பது புங்கையா, புன்னையா? (மயிலாப்பூர்)

பெயர் ஒட்டி வருவதால் பலருக்கும் இந்தக் குழப்பம் உண்டு. ஓர் இலையைப் பறித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நடு நரம்பின் இரு பக்கமும் மெல்லிய கோடுகள் சீப்புப் பல் மாதிரி நெருக்கமாக ஓடினால் அது புன்னை. இலை தடிப்பாக, எண்ணெய் தேய்த்தது போல மின்னும். புங்கையில் ஒரே காம்பில் ஐந்து, ஏழு என்று சிற்றிலைகள் இருக்கும், காய் தட்டை. புன்னைக்காயோ உருண்டை. நீங்கள் மயிலாப்பூர்க்காரர், கபாலீசுவரர் கோயிலுக்குப் போனால் போதும். அங்கே தலமரமே புன்னைதான். சம்பந்தர் பாடியதும் 'புன்னையங் கானல் மடமயிலை' என்றுதான்.

புன்னை எண்ணெயை அந்தக் காலத்தில் எதற்கெல்லாம் பயன்படுத்தினார்கள்? (ராயபுரம்)

விளக்கெரிக்க, படகு மரத்தில் பூச, மூட்டுவலிக்குத் தேய்க்க. பச்சையாக உடைத்தால் பருப்பு வெளிறி இருக்கும், எண்ணெய் அவ்வளவாக வராது. பல வாரம் காயவிட வேண்டும். பருப்பு பழுப்பேறி, கையில் பிசுபிசுவென்று ஒட்டும்போதுதான் செக்குக்குப் பக்குவம். கரும்பச்சையாக, கெட்டியாக, கொஞ்சம் காரமான வாசனையோடு எண்ணெய் இறங்கும். மரமும் வீணாகாது, உறுதியான செம்பழுப்பு மரம், படகு கட்ட ஏற்றது. ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: இந்த எண்ணெய் சமையலுக்கு ஆகாது, உள்ளுக்குச் சாப்பிடவே கூடாது. தோலில் பூசுவதானாலும் முதலில் முழங்கையின் உட்புறம் ஒரு சொட்டு வைத்து ஒரு நாள் பாருங்கள். அரித்தால் விட்டுவிடுங்கள்.

மாடித் தொட்டியில் வளருமா? (அண்ணா நகர்)

வேண்டாம். அகலமாகப் படரும் பெரிய மரம் அது.

விதை போட்டு ஒரு மாதமாகிறது, முளைக்கவில்லையே? (திருவான்மியூர்)

ஓட்டோடு போட்டிருப்பீர்கள். கெட்டி ஓடு, கடலில் மிதந்தே கரை சேரும் விதை. ஓட்டோடு போட்டால் இரண்டு மாதம்கூட ஆகலாம். அடுத்த முறை பருப்பு நசுங்காமல் மெதுவாகத் தட்டி ஓட்டில் விரிசல் விடுங்கள், சீக்கிரம் முளைக்கும். அப்புறம் பொறுமை வேண்டும், மெதுவாகத்தான் வளரும். ஆனால் உங்கள் பகுதிக்கு இதைவிட நல்ல மரம் எனக்குத் தெரியவில்லை. உப்புக்காற்றையும் மணலையும் தாங்கும், வருடம் முழுக்கப் பச்சையாக நிற்கும். பூ வெள்ளை, நடுவே மஞ்சள் மகரந்தம், மணம் தெருவுக்கே வரும். சுவரிலிருந்தும் மின்கம்பியிலிருந்தும் நன்றாகத் தள்ளி நடுங்கள்.