நிக்ஸனும் கோழிக்குஞ்சுகளும்

அன்புள்ள ஐயா,

எழுபதுகளில் அமெரிக்காவில் விலைவாசி எகிறியதற்கு அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதுதான் காரணம் என்பார் என் அப்பா. டாலருக்குத் தங்கம் தருவதை அதிபர் நிக்ஸன் நிறுத்தியதும் அதனால்தானாம். அப்படியா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அப்பா சொல்வதில் பாதி சரி. வரிசைதான் மாறிவிட்டது. தங்கம் நின்றது 1971 ஆகஸ்ட் 15. எண்ணெய் நின்றது 1973 அக்டோபர்.

நிக்ஸனுக்கு முந்தைய அதிபர் ஜான்சன் காலத்திலேயே தொடங்கிய வினை இது. வியட்நாம் போரும் நடக்க வேண்டும், உள்ளூர் நலத்திட்டங்களும் நடக்க வேண்டும், வரியை மட்டும் ஏற்றக்கூடாது. 1968இல் ஒருவழியாகக் கூடுதல் வரி போட்டபோது விலைவாசி கிளம்பிவிட்டிருந்தது. வெளிநாடுகளிடம் டாலர் குவிந்தது. வெளிநாட்டு அரசுகள் டாலரைக் கொடுத்தால் அவுன்ஸ் 35 டாலர் என்ற கணக்கில் அமெரிக்கா தங்கம் தர வேண்டும். எல்லாரும் கேட்டிருந்தால் கஜானா காணாது.

நிக்ஸன் ஆலோசகர்களோடு அதிபரின் ஓய்வு இல்லமான கேம்ப் டேவிடில் உட்கார்ந்து பேசினார். ஞாயிறு இரவு ஜனங்கள் விரும்பிப் பார்க்கும் கௌபாய் தொடருக்கு நடுவே டிவியில் போய் நின்றால் எரிச்சல்படுவார்களே என்று யோசித்தாராம்! கடைசியில் நின்றார். தங்கம் கிடையாது, இறக்குமதிக்கு 10% கூடுதல் வரி, 90 நாளுக்குச் சம்பளமும் விலையும் அப்படியே நிற்க வேண்டும். மறுநாள் பங்குச் சந்தை துள்ளியது. 1972 தேர்தலில் 49 மாநிலங்கள் அவருக்கு.

கட்டுப்பாட்டைத் தளர்த்தியதும் விலை ஏறியது. 1973 ஜூனில் மறுபடி விலையை நிறுத்திப் பார்த்தார். கோழி விலைக்குத் தடை, தீவன தானியத்துக்குத் தடையில்லை. வளர்த்தால் நஷ்டம். டெக்சாஸில் ஒரு பண்ணையில் பல்லாயிரம் குஞ்சுகளைத் தண்ணீரில் முக்கிக் கொன்றார்கள். டிவியில் நாடே பார்த்தது. அப்போது அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தவே இல்லை. எண்ணெய் நிற்பதற்கு முன்பே விலைவாசி உயர்வு 7 சதவீதத்தைத் தாண்டியிருந்தது.

இன்னொன்றும் அப்பாவிடம் சொல்லுங்கள். எண்ணெய் விற்பது டாலரில். தங்கம் நின்றதும் டாலர் மதிப்பு இறங்கியது. டாலர் இறங்கினால் விற்பவனுக்கு நஷ்டம். அதை ஈடுகட்ட எண்ணெய் நாடுகள் 1972 ஜனவரியில் ஜெனீவாவில் எண்ணெய்க் கம்பெனிகளோடு பேசி விலையை 8.49% ஏற்றி வாங்கின. தங்கம் நின்றதால் எண்ணெய் விலை ஏறியது; அவர் சொன்னதற்கு நேர் எதிர்த் திசை.

அப்புறம் 1973 அக்டோபரில் அரபு நாடுகளுக்கும் இஸ்ரேலுக்கும் போர் வந்தது. இஸ்ரேலுக்கு உதவிய அமெரிக்காவுக்கு அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. பீப்பாய் 3 டாலர் சொச்சம் விற்றது, 1974 ஜனவரியில் 12 டாலரை நெருங்கியது. இங்கே அப்பா பக்கம்தான் நியாயம். பெட்ரோல் பங்குகளில் விடிவதற்கு முன்பே கார்கள் வரிசை கட்டின. பல மாநிலங்களில் நம்பர் பிளேட்டின் கடைசி எண் ஒற்றைப்படை என்றால் ஒருநாள், இரட்டைப்படை என்றால் மறுநாள்தான் பெட்ரோல்.