முதற்கட்டத் தரவு இல்லாத ஆய்வுக்கு நிதி கேட்பது எப்படி?

கேள்வி: கொழும்பில் மருத்துவ விரிவுரையாளராக இருக்கிறேன். ஐஸ் போதைப்பொருளைக் கைவிட முயல்வோருக்கு மீண்டும் வேட்கை எழுவதை, மணிக்கட்டில் அணியும் மலிவான கருவியால் முன்கூட்டியே அறியலாம் என எண்ணுகிறேன். விண்ணப்பித்த இடமெல்லாம் முதற்கட்டத் தரவைக் கேட்கிறார்கள். நிதியில்லாமல் தரவுக்கு எங்கே போவது? (வாசகர், வெள்ளவத்தை)

பதில்: உங்கள் தலைப்பின் அவசரத்தை நிறுவுவது கடினமன்று. ஹெரோயின் சார்புநிலைக்குரிய மெதடோனையும் புப்ரெனோர்பினையும் உலக சுகாதார நிறுவனம் 2005 இலேயே அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஐஸ் எனப்படும் மெதம்பெட்டமைனுக்கோ அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அங்கீகரித்த மருந்து ஒன்றேனும் இல்லை. 2021 ஜனவரியில் வெளியான, 403 பேர் பங்கேற்ற சோதனையில், நால்ட்ரெக்சோன் ஊசியும் புப்ரோபியன் மாத்திரையும் சேர்த்துப் பெற்றவர்களில் 13.6 வீதத்தினரே பலனடைந்தனர். போலி மருந்து பெற்றோரில் அது 2.5 வீதம். இதுவே குறிப்பிடத்தக்க முன்னேற்றமாகக் கருதப்பட்ட துறையில், தோற்கக்கூடிய யோசனைகளுக்கும் பணம் ஒதுக்க நிதி வழங்குவோர் முன்வருவதில் வியப்பில்லை.

அமெரிக்க அரசின் போதைப்பொருள் ஆய்வு நிறுவனமான நைடா, இளம் ஆய்வாளர்களுக்காக அவெனிர் விருதை அறிமுகப்படுத்தியது. ஆண்டுக்கு 3 இலட்சம் டொலர் வரை ஐந்தாண்டுகளுக்கு வழங்கும் அவ்விருதுக்கு முதற்கட்டத் தரவு கட்டாயமில்லை. ஆயினும் அது எச்.ஐ.வி., மரபணுவியல் ஆகிய இரு துறைகளைச் சார்ந்தது; உங்கள் கருவியை அதற்குள் வலிந்து புகுத்த வேண்டாம். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் வழங்கும், ஆர்21 எனப்படும் ஆரம்ப ஆய்வு மானியமே உங்களுக்குப் பொருத்தம்: இரண்டாண்டுகளுக்கு நேரடிச் செலவாக மொத்தம் 2,75,000 டொலர் வரை கிடைக்கும், அதற்கும் முதற்கட்டத் தரவு தேவையில்லை. வெளிநாட்டு நிறுவனங்கள் விண்ணப்பிக்கலாமா என்ற வரியை ஒவ்வோர் அழைப்பிலும் முதலில் பாருங்கள்.

தரவு இல்லாத இடத்தை நிரப்ப வேண்டியது தர்க்கம். இதயத் துடிப்பும் தோலின் வியர்வையும் வேட்கையுடன் மாறுகின்றன என்று எழுதினால் போதாது. புறக்கோட்டை வெயிலில் நெரிசலான பஸ்ஸில் நிற்பவரின் வியர்வையிலிருந்து வேட்கையின் வியர்வையை எவ்வாறு பிரித்தறிவீர்கள் என்பதற்கு விடை வேண்டும். எந்த முடிவு கிடைத்தால் யோசனையைக் கைவிடுவீர்கள் என்பதையும் முன்கூட்டியே குறிப்பிடுங்கள். பல விண்ணப்பங்களில் இந்தப் பகுதியே இருப்பதில்லை. தோல்வியைத் திட்டமிட்டிருப்பவரை மதிப்பீட்டாளர் நம்புவார்.

யோசனை தோற்கும் இடர் வேறு, பங்கேற்பவர் பாதிக்கப்படும் இடர் வேறு. முன்னதை நிதி வழங்குவோர் ஏற்கலாம். பின்னதில் ஒழுக்கவியல் மீளாய்வுக் குழு சிறிதும் விட்டுக்கொடாது, விட்டுக்கொடுக்கவும் கூடாது. போதைப்பொருளில் தங்கியிருப்போரின் சிகிச்சை, புனர்வாழ்வு பற்றிய 2007 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்க இலங்கைச் சட்டம் கட்டாயச் சிகிச்சைக்கு இடமளிப்பதால், அவ்வாறு அனுப்பப்பட்டவரின் சம்மதம் சுயேச்சையானதா என்ற கேள்வி எழும். தாமாக வந்து சிகிச்சை பெறுவோரை மட்டும் சேர்ப்பதே நல்லது. பங்கேற்பவரின் தகவலை வெளியிடுமாறு ஆய்வாளரை வற்புறுத்துவதைத் தடுக்கும், அமெரிக்க மானியத்தோடு வரும் இரகசியத்தன்மைச் சான்றிதழ் இலங்கை நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆகவே இருப்பிடத் தகவலைச் சேகரிக்கவே வேண்டாம். இல்லாத தரவைப் பொலிஸார் கேட்டுப் பெற முடியாது.

இதற்கிடையே, சிகரெட்டை விட விரும்புவோரிடம் கருவியைச் சோதித்துப் பாருங்கள். சட்டச் சிக்கல் குறைவு, வேட்கையை அளக்கும் வினாக்கொத்துகள் ஏற்கெனவே உள்ளன, பல்கலைக்கழகத்தின் சிறு மானியமே போதும். கையில் கிடைக்கும் தரவை தேசிய ஆராய்ச்சிச் சபையிடமோ தேசிய விஞ்ஞான மன்றத்திடமோ கொண்டுசெல்லலாம்.

அமெரிக்க அரசின் மானிய விண்ணப்ப இணையத்தளங்களில் பல்கலைக்கழகத்தைப் பதிவுசெய்யும் வேலையை இன்றே தொடங்கச் சொல்லுங்கள். அது வாரக்கணக்கில் இழுபடும், ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். அமெரிக்கப் பேராசிரியர் ஒருவரின் மானியத்தில் துணைப் பங்காளியாகச் சேரும் எண்ணமிருந்தால், வெளிநாட்டுத் துணை மானியங்களுக்குப் புதிய கட்டமைப்பு வரும் என அந்நாட்டுத் தேசிய சுகாதார நிறுவனங்கள் 2025 மே மாதம் அறிவித்ததையும், அதன் நடப்பு விதிகளையும் அவரிடம் கேட்டறிந்த பின்னரே வரவுசெலவுத் திட்டத்தை எழுதுங்கள்.