கடைத் தீவனத்தை நிறுத்திவிட்டு, புழுவை மட்டும் போட்டு நன்னீர் மீன் வளர்க்க முடியுமா?

முழுக்க நிறுத்த வேண்டாம். திலாப்பியா வளர்க்கும் நான் ஒரு நாள் தீவனத்தில் கால் பங்குக்கு மேல் புழு கொடுப்பதில்லை.

நீங்கள் கேட்பது பி.எஸ்.எஃப் புழு, அதாவது கறுப்புப் படைவீரன் ஈயின் புழு என்று எடுத்துக்கொள்கிறேன். காய்ந்த எடையில் சுமார் 40 சதவீதம் புரதம் இருப்பதால் மீன்தூளுக்கு நல்ல மாற்றுதான். ஆனால் கொழுப்பும் மிக அதிகம், 30 சதவீதத்தைக்கூடத் தொடும். அந்தக் கொழுப்பில் கணிசமான பங்கு தேங்காய் எண்ணெயில் இருக்கும் அதே லாரிக் அமிலம். மீன்தூளில் கிடைக்கும் ஒமேகா-3 இதில் மிகக் குறைவு. புழுவை மட்டுமே நம்பக் கூடாது என்பதற்கு முதல் காரணம் இது.

அடுத்து, எப்போது எடுக்கிறோம் என்பது. வளர்ந்த புழு கறுத்து, தானாகவே வளர்ப்புத் தொட்டியின் சரிவில் ஏறி வாளியில் விழும். வேலை மிச்சம் என்று ஆரம்பத்தில் அதையே குளத்தில் போட்டேன். மீன்கள் கவ்வின, மென்றன, துப்பின. மறுநாள் காலையில் பார்த்தால் கரையோரம் முழுக்கக் கறுப்புத் தோல் மிதந்தது. கறுக்கக் கறுக்கத் தோல் தடிக்கிறது, தோலை உறுதியாக்கும், எளிதில் செரிக்காத கைட்டின் என்ற பொருள் கூடுகிறது. இப்போது வெளிர் மஞ்சளாக இருக்கும்போதே சலித்து எடுத்துவிடுகிறேன். கறுத்ததை அடுத்த தலைமுறை ஈக்காக விட்டுவைக்கிறேன்.

உலர்த்துவதிலும் கவனம் வேண்டும். உயிர்ப்புழுவில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்தான். கனமாகப் பரப்பினால் உள்ளே ஈரம் தங்கிவிடும். ஒரு தடவை மூட்டையைப் பிரித்ததும் சிக்கெண்ணெய் வாடை குப்பென்று வந்தது, அத்தனையையும் கொட்டிவிட்டேன். வாடை அடித்தால் தயங்காமல் கொட்டிவிடுங்கள், கெட்ட கொழுப்பு மீனின் ஈரலைப் பாதிக்கும்.

அப்புறம், புழு எதைத் தின்கிறதோ அதுதான் மீனுக்கும் போகிறது. காட்மியம் போன்ற உலோகம் கழிவில் இருந்தால் புழுவின் உடம்பில் சேர்ந்துவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் மீன் தீவனத்தில் பூச்சிப் புரதத்தை அனுமதித்தபோதும், உணவகக் கழிவிலும் சாணத்திலும் பூச்சி வளர்க்க இடம் கொடுக்கவில்லை. நான் காய்கறி, பழக் கழிவும் தவிடும் மட்டும்தான் போடுகிறேன்.

புல்கெண்டை இலைதழை தின்னும் மீன், அதற்குப் புழு தேவையில்லை. கெளுத்தி என்றால் தாராளமாக ஆரம்பிக்கலாம். முதல் வாரம் கைப்பிடி அளவு போட்டு, கால் மணி நேரம் கரையிலேயே நில்லுங்கள். மிச்சம் மிதந்தால் அடுத்த வேளை குறையுங்கள்.