வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்தது ஒரே நாளிலா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரான்ஸின் வடக்கிலுள்ள நார்மண்டியின் பிரபு வில்லியம் 1066 அக்டோபர் 14 அன்று ஹேஸ்டிங்ஸில் ஆங்கிலேய அரசர் ஹாரல்டை வென்று இங்கிலாந்துக்கு அரசரானார் என்று படித்திருக்கிறேன். ஊர்மொழி தெரியாத சில ஆயிரம் பேர் ஒரு நாட்டையே எப்படி அடக்கினார்கள்? மக்கள் யாரும் எதிர்க்கவில்லையா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

எதிர்த்தார்கள், அதுவும் ஐந்து ஆண்டுகள். 1068இல் எக்ஸிடர் நகரம் 18 நாள் முற்றுகையைத் தாங்கியது. 1069 ஜனவரியில் வடக்கே டர்ஹம் நகருக்குள் நுழைந்த, வில்லியம் அனுப்பிய ராபர்ட் டி கொமினும் அவர் படையும் அழிக்கப்பட்டனர். ஈலி சதுப்பில் ஆங்கிலேயக் கிளர்ச்சியாளர் ஹியர்வார்ட் 1071 வரை தாக்குப்பிடித்தார். ஆனால் ஹாரல்டோடு அவருடைய தம்பிகள் கிர்த்தும் லியோஃப்வினும் ஹேஸ்டிங்ஸிலேயே மாண்டுவிட்டார்கள். எல்லோரையும் ஒன்றுசேர்க்க ஆளில்லை. ஊர் ஊராகக் கிளம்பினார்கள், ஊர் ஊராக அடிபட்டார்கள்.

வில்லியமின் முக்கியமான ஆயுதம் மண்கோட்டை. வட்டமாக அகழி வெட்டி, அந்த மண்ணையே நடுவில் குன்றாகக் குவித்து, உச்சியில் மரக்கோபுரம் எழுப்புவார்கள். அடியில் மரவேலி போட்ட முற்றம். குதிரை, தானியம், வீரர்கள் எல்லாம் அங்கே. கல் தேவையில்லை, மண்வெட்டியும் உள்ளூர்க்காரர்களின் கட்டாய உழைப்பும் போதும். வடக்கே யார்க் நகரின் இரண்டாவது கோட்டை 8 நாளில் எழுந்தது. புதுமண் சரியும் என்பதால் வெவ்வேறு வகை மண்ணை அடுக்கடுக்காகப் போட்டு இறுக்கினார்கள். இந்தப் படையெடுப்பைச் சித்திரிக்கும் பேயூ சித்திரத்துணியில் ஹேஸ்டிங்ஸ் கோட்டைக் குன்றின் அடுக்குகளைப் பார்க்கலாம். இடத்துக்காக வீடுகளை இடித்தார்கள், லிங்கனில் மட்டும் 166.

மரத்துக்கு எமன் தீ. 1069 செப்டம்பரில் டென்மார்க்கிலிருந்து படையெடுத்து வந்த டேனியர்கள் யார்க்கை நெருங்கியபோது, பக்கத்து வீடுகளின் மரத்தைப் போட்டு அகழியை நிரப்பிவிடுவார்களோ என்று அஞ்சிய காவல்படை அவ்வீடுகளைக் கொளுத்தியது. தீ நகரெங்கும் பரவிப் பேராலயத்தையும் விழுங்கியது. இரண்டு கோட்டைகளும் விழுந்தன.

அதற்கு வில்லியம் கொடுத்த பதிலை மன்னிக்க முடியாது. அந்தக் குளிர்காலத்தில் வடபகுதியின் தானியம், கால்நடை, உழுகருவி எல்லாவற்றையும் எரிக்கவைத்தார். அடுத்த விதைப்புக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. மக்கள் பட்டினியில் மடிந்தார்கள். பதினாறு ஆண்டு கழித்தும் யார்க்‌ஷயரின் எத்தனையோ ஊர்கள் வில்லியம் எடுத்த நிலப் பதிவேட்டில் 'பாழ்' என்றே கிடக்கின்றன.

மொழி தெரியாததைக் கேட்டிருந்தீர்கள். பாடங்களில் விடுபடுவது இந்த இடம்தான். மாவட்டம், ஊர்மன்றம், நிலவரி, நாணயம் எல்லாம் ஆங்கிலேயர் ஏற்கெனவே செம்மையாக நடத்திவந்தவை. வில்லியம் அவற்றைக் கலைக்கவில்லை; நிலத்தின் உடைமையாளரை மட்டும் மாற்றினார். அதைக் கணக்கெடுக்க 1085 கிறிஸ்துமஸில் க்ளஸ்டரில் உத்தரவிட்டார். அதுதான் டூம்ஸ்டே பதிவேடு. ஆங்கிலேயரும் நார்மன்களும் கலந்த சாட்சிகள் சத்தியம் செய்து சொன்னார்கள்: ஹாரல்டுக்கு முந்தைய அரசர் எட்வர்ட் காலத்தில் நிலம் யாருடையது, இப்போது யாருடையது, எத்தனை ஏர், எத்தனை மாவு ஆலை, அன்றைய மதிப்பு என்ன, இன்றைய மதிப்பு என்ன. கடைசிக் கேள்வி, இப்போது கிடைப்பதைவிட அதிகம் பெற முடியுமா என்பது.