சென்னைக்குப் போய் ஃபுல் ஸ்டாக் கோர்ஸ் படித்தால்தான் வேலை கிடைக்குமா?

தம்பி, பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் வருஷம், லீவுக்குச் சென்னை போய் ஃபுல் ஸ்டாக் (வெப்சைட்டின் முன்பக்கம், சர்வர், டேட்டாபேஸ் எல்லாம் சேர்ந்த) கோர்ஸ் சேரட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது வேண்டாம். வீட்டில் கடன் வாங்கித்தான் ஃபீஸ் கட்டுவார்கள் என்று நினைக்கிறேன். 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி உள்ள பழைய லேப்டாப் ஒன்றும் உபுண்டு என்ற இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டமும் இருந்தால் இப்போதைக்குப் போதும்.

முதலில் லேபில் பழகிய டர்போ சி-யை விடுங்கள். முப்பது வருஷத்துக்கும் முந்தைய கம்பைலர் (நாம் எழுதும் ப்ரோகிராமைக் கம்ப்யூட்டர் மொழிக்கு மாற்றுவது) அது. அதில் முழு எண் வைக்கும் இன்ட் 2 பைட்தான், 32,767க்கு மேல் தாங்காது. 8 ஃபேக்டோரியல் (1 முதல் 8 வரை பெருக்கியது) போட்டால் 40,320க்குப் பதிலாக -25,216 வந்து நிற்கும். உபுண்டுவில் ஓடும் ஜிசிசி கம்பைலரில் இன்ட் 4 பைட். அதனால் 12 ஃபேக்டோரியல் வரை சரியாக வரும், 13ல் உடையும். ஏன் உடைகிறது என்று பேப்பரில் 0, 1 பிட்டுகளாக எழுதிக் காட்டப் பழகுங்கள், இன்டர்வியூவில் அதைத்தான் நோண்டுவார்கள். இன்னொன்று: எண்ணுக்கு அடுத்து ஓர் எழுத்தை ஸ்கேன்எஃப்பில் (கீபோர்டில் தட்டுவதை வாங்கும் கட்டளை) வாங்கினால், நீங்கள் தட்டிய என்டரையே எழுத்தாக எடுத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடும். எழுத்தை வாங்கும் %c-யில் சதவீதக் குறிக்கு முன்னால் ஒரு ஸ்பேஸ் விட்டால் சரியாகும்.

இதையெல்லாம் ஓட்டிப் பார்க்க வேண்டிய லேப் நேரத்தில், பிள்ளைகளை உட்கார வைத்து ரெக்கார்டு நோட்டில் ப்ரோகிராமை அழகாகக் காப்பி எழுத வைக்கிறார்கள். யார் கேட்பது?

ப்ராஜெக்டை ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்காதீர்கள். 'டேட்டாபேஸில் இந்த டேபிளை ஏன் இப்படிப் பிரித்தாய்?' என்று ஒரு கேள்வி கேட்டாலே மாட்டிக்கொள்வீர்கள். நம்ம ஊர்க் கணக்கு ஒன்றை எடுங்கள். முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் பீடிக் கடையில் இலையும் தூளும் எடை போட்டுக் கொடுப்பார்கள், சுற்றிய பீடி எண்ணிக்கையில் திரும்பி வரும், கொஞ்சம் கழிபடும். கூலி ரேட்டை ஒரே இடத்தில் வைத்து மாற்றினால் போன மாதக் கணக்கும் சேர்ந்து மாறிவிடும். எந்தத் தேதியிலிருந்து எந்த ரேட் என்று தனி டேபிள் வேண்டும். பணத்தை ஃப்ளோட்டில் (தசம எண் வகையில்) வைக்காதீர்கள். 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் கம்ப்யூட்டரில் சரியாக 0.3 வராது. பைசாவாக மாற்றி முழு எண்ணில் வையுங்கள். எழுத எழுத அன்றன்றைக்கே கிட்டில் (ப்ரோகிராமின் ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு சேமிக்கும் கருவி) கமிட் செய்யுங்கள், கடைசி நாளில் மொத்தமாக ஏற்றினால் வாங்கியது என்றுதான் நினைப்பார்கள்.

சென்னை கோர்ஸ் எல்லாமே வீண் என்று நான் சொல்லவில்லை. அங்கே படித்து நல்ல வேலைக்குப் போனவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். சி-யும் டேட்டாபேஸும் கைக்கு வராமல் ரியாக்ட் (வெப்சைட்டின் முன்பக்கத்தை எழுதும் கருவி) படித்தால், எரர் வந்த இடத்திலேயே நின்றுவிடுவீர்கள். அவ்வளவுதான் என் கவலை.

வகுப்பு வேண்டும் என்றால் என்பிடெல் என்ற, ஐஐடிகளின் ஆன்லைன் வகுப்புத் தளம் இருக்கிறது. பார்ப்பது இலவசம், தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம். அசைன்மென்டுக்கு 25, தேர்வுக்கு 75 என்று மதிப்பெண் பிரிப்பார்கள். வாராவாரம் அசைன்மென்டுக்குக் கடைசித் தேதி உண்டு, தவறினால் அந்த வாரத்துக்கு மார்க் கிடையாது. ஜூலையில் டிபிஎம்எஸ் (டேட்டாபேஸ் பாடம்) ஒன்றை மட்டும் எடுங்கள். ஆசைப்பட்டு மூன்றைப் போட்டால் இன்டர்னல் தேர்வோடு முட்டிக்கொள்ளும்.