பனங்காட்டை அடகு வைக்காதீர்கள், அண்ணாச்சி

மகளின் படிப்புக்கு யோசனை கேட்க ஒரு குடும்பம் சாயல்குடியிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தது. மகள் இரண்டு முறை நீட் எழுதியாயிற்று. "இன்னொரு தடவை பாப்போம். இல்லேன்னா மேனேஜ்மென்ட் சீட்டுதான். பனங்காட்டை அடகு வச்சிரலாம்னு மச்சான் சொல்றாரு" என்றார் அப்பா. ஆறுதலாகத்தான் பேச ஆரம்பித்தேன். கடன் தொகையைக் கேட்டதும் நிறுத்திவிட்டேன்.

அண்ணாச்சி, காட்டைத் தொடாதீர்கள். வட்டி கட்டப்போவது மச்சான் இல்லை.

பிள்ளையிடம் தனியாகப் பேசினேன். வீட்டுப் பூசணிக்கொடியில் மறுநாள் மலரவிருந்த பெண் பூக்களில் நாலை முந்தின மாலையே துணிப்பையால் கட்டிவைத்தாளாம். நாலும் வெம்பி உதிர்ந்தன. கட்டாத பூக்களில் பிஞ்சு பிடித்தது. யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

ஆண் பனை காய்க்காது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒரே பூவில் ஆணும் பெண்ணும் இருந்தும் தன் மகரந்தத்தை ஏற்காத செடி ரொபஸ்டா காபி. சொந்த மகரந்தம் முளைவிட்டாலும் அது நீட்டும் குழாய், விதையாகும் சூலை எட்டாமலே நின்றுவிடும். ஒரே தாய்ச்செடியின் பதியன்களாகவே தோட்டம் முழுக்க நட்டால் பூ கொட்டும், காய் தேறாது. அதனால்தான் பல ரகக் கன்றுகளைக் கலந்து நடுகிறார்கள். காற்றும் மலைத்தேனீயும் மகரந்தத்தைக் கடத்துகின்றன. கோடை மழை விழுந்து பத்து நாளுக்குள் தோட்டமே வெள்ளையாகும், இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். ஆராய்ச்சிக்காரர்களுக்கு அந்த நாட்களில் தூக்கம் கிடையாது. மொட்டு விரியுமுன் இடுக்கியால் மகரந்தப்பைகளைக் கிள்ளிக் கிளைக்குப் பை மாட்டி, வேறு செடியின் மகரந்தத்தைத் தூரிகையால் தடவுவார்கள். ஓரிரு நாளில், குழாய் இறங்கும் சூல்தண்டை வெட்டி, அனிலின் ப்ளூ சாயம் ஏற்றி ஒளிர் நுண்ணோக்கியில் பார்த்தால், குழாய் எதுவரை போனது என்பது பளிச்சென்று தெரியும்.

இவள் பூசணியில் செய்ததும் இதில் பாதிதானே?

இந்த ஆராய்ச்சிக்குப் போகும் வழி எளிது, ஆனால் நீளம். அரசுக் கல்லூரியில் தாவரவியல், அப்புறம் எம்.எஸ்சி., நெட் தேர்வு. அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். காபிக்கென்றே கர்நாடகத்தில் பாலேஹொன்னூரில் 1925 முதல் ஆய்வு நிலையம் இருக்கிறது. நம் பக்கம் தாண்டிக்குடியில் ஒன்று. ஐந்து வருடம் வீட்டுக்குக் காசு வராது, அதையும் சொல்லிவிட்டேன். ஆனால் காடு உங்கள் பெயரிலேயே இருக்கும். நர்சிங், பார்மஸி பற்றி மச்சானே சொல்லுவார், நான் பேசவில்லை.

"இன்னொரு காபி வகை அரபிகாவும் இப்படியா சார்?" என்றாள் பிள்ளை. இல்லை, அது தன் மகரந்தத்திலேயே காய்க்கும். குரோமோசோம் ரொபஸ்டாவுக்கு 22, அதற்கு 44 என்றேன். நோட்டில் எழுதிக்கொண்டாள்.

அதுவரை வாய் திறக்காத அம்மா, தாண்டிக்குடிக்கு எப்படிப் போவது என்று கேட்டார். வத்தலக்குண்டில் பஸ் மாற வேண்டும் என்றேன்.