30 வருஷமா ஓடாம கெடக்குற வால்வு ரேடியோவ திரும்ப பாட வைக்க முடியுமா?

தாத்தா வாங்கின மர்ஃபி செட்ட பரண்லேர்ந்து எறக்கியிருக்கோம், ஓடுதான்னு பிளக்ல சொருகி பாக்கலாமா, வால்வு கெடைக்குமான்னு கேட்டிருக்கீங்க. ஓட வைக்க முடியும், அனேகமா முடியும். ஆனா தயவுசெஞ்சு இப்போ சொருகிடாதீங்க.

எனக்கு இது தொழில் இல்ல, பொழுதுபோக்குதான். ஆனா நான் பாத்த வரைக்கும் எல்லாருக்கும் மொத சந்தேகம் வால்வு மேலதான், அதான் உள்ள சின்ன பல்பு மாதிரி நிக்கிற கண்ணாடி குழாய் மேலதான் வரும், பாவம் அது பெரும்பாலும் நல்லாத்தான் இருக்கும். கண்ணாடி ஒடையாம, உள்ள வெள்ளி மாதிரி பளபளன்னு இருக்குற பூச்சு பால் மாதிரி வெளுக்காம இருந்தா காத்து உள்ள போகலன்னு அர்த்தம், அம்பது அறுபது வருஷம் கழிச்சும் எரியும். செத்துப்போயிருக்கறது கண்டன்சர்ங்க (இப்போ கெப்பாசிட்டர்ங்கறாங்களே, அதேதான்). மெழுகு பூசின பேப்பர் கண்டன்சர் எல்லாம் ஈரத்த குடிச்சு லீக் ஆகும், அலுமினிய டப்பாவுல இருக்குற ஃபில்டர் கண்டன்சர் காஞ்சு போயிருக்கும். இந்த நெலமையில நேரா 230 வோல்ட்ட குடுத்தா ஏசிய டிசியாக்குற ரெக்டிஃபையர் வால்வோ டிரான்ஸ்ஃபார்மரோ போயிடும், அதுவரைக்கும் சில்லறைல முடிய வேண்டிய வேல அப்புறம் பெரிய செலவு.

பின் அட்டைய கழட்டி வால்வு மேல இருக்குற நம்பர படிங்க, மொத எழுத்தே பாதி ஜாதகத்த சொல்லிடும். ஈ-ல (E) ஆரம்பிச்சா, ஈசிஎச்81, ஈஎல்84 அந்த மாதிரி, அது 6.3 வோல்ட் ஹீட்டர் (வால்வுக்குள்ள சூடாகுற இழை), பொதுவா உள்ள டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். யூ-ல (U) ஆரம்பிச்சா, யூசிஎச்81, யூபிஎஃப்89, யூசிஎல்82, யூஒய்85 இப்படி நாலு வரிசையா நின்னா, அது ஏசி டிசி ரெண்டுலயும் ஓடுற செட், மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மரே இருக்காது. அந்த நாலு வால்வோட ஹீட்டரும் திருவிழா சீரியல் செட் மாதிரி ஒண்ணு பின்னால ஒண்ணா கோத்திருக்கும், 19, 19, 50, 38 கூட்டினா 126 வோல்ட், மிச்ச நூத்து சொச்சம் வோல்ட்ட ஒரு பெரிய வயர்வவுண்டு ரெசிஸ்டர் சூடாவே தின்னுடும். ஒரு ஹீட்டர் போனா எல்லாமே இருட்டு, "செட்டு மொத்தமா போச்சு"ன்னு எடைக்கு போட்டவங்கள்ல பாதிப் பேர் கதை இதுதான்னு நெனைக்கிறேன்.

ஆனா நான் இத சொல்றதுக்கு காரணம் வேற. இந்த யூ செட்டுல மெயின்ஸோட ஒரு கம்பி நேரா சேசிஸ்லயே, அதான் எல்லாத்தையும் தாங்குற தகரச் சட்டத்துலயே இருக்கும். பிளக்க திருப்பி சொருகினா மொத்த தகரமும் 230 வோல்ட். நாப் கழண்டு போச்சுன்னு ஷாஃப்ட்ட கையால திருப்புறது, நாப்ல இருக்குற சின்ன ஸ்குரூவ தொடுறது, இதெல்லாம் உயிருக்கு ஆபத்து. அந்த ஸ்குரூ மேல கம்பெனிக்காரன் மெழுகு வச்சு அடைச்சிருந்தது அழகுக்கு இல்ல. மெயின்ஸோட நேரடி தொடர்ப துண்டிக்கிற ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாம இந்த வகைய தொடவே தொடாதீங்க, பழக்கமில்லன்னா தெரிஞ்சவங்க ஒருத்தர பக்கத்துல வச்சுக்கோங்க. ஈ வகையிலயும் எச்டி (ஹை டென்ஷன், அதாவது உயர் அழுத்தம்) 250 வோல்ட் டிசி ஓடும், ஆஃப் பண்ண பிறகும் ஃபில்டர் கண்டன்சர்ல நிக்கும், ஒரு ரெசிஸ்டர் வழியா அத டிஸ்சார்ஜ் பண்ணிட்டு மீட்டர்ல பாத்துட்டுதான் கை வைக்கணும்.

சரி, எங்க ஆரம்பிக்கறது? எல்லா கண்டன்சரையும் மாத்தப் போறீங்கதான், இருந்தாலும் ஒண்ண மட்டும் மாத்தாம பவர் குடுக்கவே கூடாது. ஸ்பீக்கர ஓட்டுற அவுட்புட் வால்வோட கிரிட்டுக்கு (சிக்னல் உள்ள போற காலுக்கு) போற கப்ளிங் கண்டன்சர், 0.01 இல்லன்னா 0.02 மைக்ரோஃபாரட் இருக்கும். அதோட ஒரு பக்கம் முந்தின ஸ்டேஜோட ஆனோடு (பிளேட்டுன்னும் சொல்வாங்க), அங்க எண்பது நூறு வோல்ட் நிக்கும், மறுபக்கம் கிரிட், அங்க ஒண்ணுமே இருக்கக் கூடாது. இது கொஞ்சம் லீக் ஆனாலும் கிரிட்ல ரெண்டு மூணு வோல்ட் பாசிட்டிவ் ஏறிடும், வால்வு இழுக்கற கரண்ட் எகிறும், உள்ள பிளேட்டு செவப்பா பழுக்கும், கடைசில அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் வைண்டிங் அறுந்து போகும். கொடுமை என்னன்னா அதுவரைக்கும் ரேடியோ பாடிக்கிட்டேதான் இருக்கும், சத்தம் கொஞ்சம் கரகரன்னு இருக்கேன்னு நாம பழசுதானேன்னு விட்டுடுவோம். 630 வோல்ட் பாலியஸ்டர் ஒண்ணு வாங்கி போடுங்க, டீ காசுதான். ஈஎல்84 செட்டுன்னா மாத்தின பிறகு கேத்தோடுல சுமார் 7 வோல்ட் வருதான்னு பாருங்க, ரொம்ப அதிகமா வந்தா உடனே ஆஃப்.

ஃபில்டருக்கு 47 மைக்ரோஃபாரட் 450 வோல்ட் ரெண்டு போதும். பெருசா போட்டா ஹம், அதான் அந்த ம்ம்ம்னு வர்ற மெயின்ஸ் இரைச்சல், இன்னும் கொறையும்னு 220 எல்லாம் போடாதீங்க, ஈஇசட்80 மாதிரி ரெக்டிஃபையருக்கு மொத கண்டன்சர் 50 தான் உச்ச வரம்பு. மெயின்ஸ்க்கு குறுக்கால இருக்குற கண்டன்சருக்கு மட்டும் எக்ஸ்2ன்னு (X2, மெயின்ஸ்க்குன்னே செஞ்ச வகை) அச்சடிச்சது வேணும். ரெசிஸ்டர் எல்லாம் காலப்போக்குல வேல்யூ ஏறியிருக்கும், அளந்து பாத்து ரொம்ப ஏறினத மட்டும் மாத்துங்க. ரப்பர் வயர் பொடியா உதிர்ந்தா மொத்தமா மாத்தணும், வேற வழியில்ல.

பவர் குடுக்கும்போது சீரிஸ்ல ஒரு 60 வாட் குண்டு பல்பு போடுங்க, எல்ஈடி கூடாது. பல்பு ஆரம்பத்துல நல்லா எரிஞ்சு அப்புறம் மங்கினா நல்ல சகுனம், மங்காம எரிஞ்சா எங்கயோ ஷார்ட். அரை நிமிஷத்துல உஸ்ஸுன்னு ஒரு சத்தம் வரும்.

சத்தம் வந்து ஸ்டேஷன் வரலன்னா ஐஎஃப்டி கோர, அதான் சின்ன தகர டப்பாவுல இருக்குற காயில் நடுவுல உள்ள திருக, திருகப் போயிடாதீங்க ப்ளீஸ், அது தானா நகராது, போன மெக்கானிக் திருகியிருந்தாதான் மாறியிருக்கும். பேண்ட் சுவிட்ச்சயும் வால்வு சாக்கெட்டையும் காண்டாக்ட் கிளீனர் போட்டு தொடைங்க, பாதி கேஸ் அங்கயே தீந்துடும். கிழிஞ்ச ஸ்பீக்கர் கோனுக்கு டிஷ்யூ பேப்பரும் தண்ணி கலந்த ஃபெவிகாலும் போதும். ஸ்டேஷன் சரியா விழுதான்னு பச்சையா காட்டுற கண்ணு வால்வு, மேஜிக் ஐ, அது மட்டும் மங்கிப் போயிருந்தா ஒண்ணும் பண்ண முடியாது, புதுசுதான், வெல கண்ண கட்டும்.

வால்வு போயிருந்தா சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல சில கடைல விசாரிங்க, பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் போட்ட பழைய ஸ்டாக்கு இன்னும் அட்டைப்பெட்டியோட கண்ணுல படுது. உள்ளத எல்லாம் எடுத்துட்டு புளூடூத் போர்டு வச்சுத் தரேன்னு யாராவது சொன்னா குடுத்துடாதீங்க, அதுக்கு புது ஸ்பீக்கரே வாங்கிக்கலாம்.

ஷார்ட்வேவ்ல பெருசா எதிர்பாக்காதீங்க, பிபிசி தமிழோசையே 2017ல நிறுத்திட்டாங்க. மீடியம்வேவ்ல சென்னைன்னா 720, திருச்சின்னா 936 கிலோஹெர்ட்ஸ்ல தேடிப் பாருங்க, ராத்திரில தூரத்து ஸ்டேஷனும் எட்டும். அதுக்கு முன்னாடி வீட்ல எல்ஈடி பல்பு, மொபைல் சார்ஜர் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிடுங்க, இல்லன்னா அந்த கொர்ர்ர் சத்தத்த செட்டோட கோளாறுன்னு நெனச்சு இன்னும் ரெண்டு வாரம் நோண்டிக்கிட்டு இருப்பீங்க. உங்க செட்டு ஈயா யூவான்னு பாத்து நம்பர எழுதுங்க, மேல சொல்றேன்.